குறைந்த செலவில் இணையத்தோடு இணைந்த குப்பைத் தொட்டி: எதைச் சேர்ப்பது, எதை விடுவது

கேள்வியின் சாரம் இது: ஒரு வளாகத்தில் ஏறத்தாழ முப்பது குப்பைத் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை இணையத்தின் வழியே அறிந்து, நிரம்பியவற்றை மட்டும் காலி செய்ய வேண்டும். கருவி கையாலேயே செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும்; மாதக்கணக்கில் பேட்டரி மாற்றாமல் ஓடவும் வேண்டும். இது நடக்குமா?

நடக்கும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் மேசைமேல் ஒரு நாள் ஓட்டிக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே முப்பது மடங்காக்கினால், சில வாரங்களில் பாதித் தொட்டிகளிலிருந்து தகவலே வராது. மீதிப் பாதி காலியாக இருக்கும்போதே நிரம்பிவிட்டதாகச் சொல்லும். தூரத்தை அளப்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதும், பொய் அளவுகளை வடிகட்டுவதும், வந்த எண்ணைக் கொண்டு குப்பை எடுப்பவரின் அன்றைய வேலையை மாற்றுவதும்தான் கடினம். ஆகவே என் பதிலும் அந்த மூன்றில்தான் அதிகம் நிற்கும்.

முதலில், எந்தத் தொட்டிக்கு இது தேவை என்பதைப் பாருங்கள். உணவுக் கழிவு போடும் தொட்டிக்கு, நிரம்பிய அளவைக் காட்டும் சென்சாரால் பெரிய பயன் இல்லை. கால்வாசிதான் நிரம்பியிருந்தாலும் அதை அன்றன்றே எடுத்தாக வேண்டும். வெப்பமான நாளில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அழுகல் நீர் அடியில் தேங்கும். அங்கே எல்லையை வகுப்பது நேரமே தவிர கொள்ளளவு அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிரம்பிவிடும் தொட்டிக்கும் சென்சார் வேண்டாம், கடிகாரம் போதும். காகிதம், அட்டை, பிளாஸ்டிக் போன்ற உலர் கழிவு விழும் தொட்டிகளில், நிரம்பும் வேகம் நாளுக்கு நாள் மாறுபடுபவற்றுக்குத்தான் இது பொருந்தும். கூட்ட அரங்கின் வாசல், விளையாட்டுத் திடலின் ஓரம், யாரும் அதிகம் போகாத கடைக்கோடிக் கட்டடம் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். பாகம் வாங்குவதற்கு முன்னால், குப்பை எடுப்பவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, எடுக்கும்போதெல்லாம் தொட்டி காலா, அரையா, முக்காலா, முழுதா என்று ஒரு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். முப்பதில் பத்துப் பன்னிரண்டுக்குத்தான் கருவி தேவை என்று அந்தத் தாளே சொல்லக்கூடும். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இனி சென்சார். எல்லோரும் எடுத்துக்கொள்வது எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார். அதன் டிரிக்கர் முனைக்கு 10 மைக்ரோ நொடி அகலமுள்ள ஒரு துடிப்பைக் கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எட்டுத் துடிப்புகளாக அனுப்பிவிட்டு, எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை எக்கோ முனையில் ஒரு துடிப்பின் அகலமாகத் தரும். ஒலி போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி ஆகும். ஆகவே வரும் எண்ணை 58 ஆல் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 2 முதல் 400 சென்டிமீட்டர் வரை அளக்கும் என்பது அதன் விவரத் தாளில் உள்ள கணக்கு. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுமே என்று சிலர் தனியாக ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்ப்பார்கள். 20 பாகையில் நொடிக்கு 343 மீட்டராக இருக்கும் வேகம் 40 பாகையில் 355 மீட்டரை ஒட்டி வரும். 90 சென்டிமீட்டர் ஆழத்தில் அதனால் வரும் பிழை 3 சென்டிமீட்டர்தான். ஆய்வகக் கருவிக்கு அது பெரிய பிழை. குப்பையின் மேற்பரப்பே அதைவிட மேடுபள்ளமாக இருக்கும்போது இங்கே அது ஒரு பொருட்டல்ல.

இந்தச் சென்சாரின் உண்மையான குறை ஈரம். அதன் இரண்டு உருளைகளின் முகமும் திறந்த வலைதான். தொட்டிக்குள் எழும் ஆவி அதில் படிந்தால் சில மாதங்களில் அளவு தடுமாறத் தொடங்கும். நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகை அந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் ஒரே தகடு ஒலியை அனுப்பவும் பெறவும் வேண்டியிருப்பதால், முகத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை அதற்குக் கண் தெரியாது. ஆழமான, வெளியில் நிற்கும் தொட்டிக்கு அதுவே நல்லது. சிறிய, கட்டடத்துக்குள் இருக்கும் தொட்டிக்கு அந்தக் குருட்டுப் பகுதியே பாதி உயரத்தைத் தின்றுவிடும். விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் சென்சார் மிகச் சிறியது, இரண்டு மீட்டர் வரை அளக்கும். ஆயினும் அதன் கண்ணாடியில் ஒரு பிசுக்குப் படிந்தால் போதும், தன் முகத்துக்கு எதிரிலேயே ஏதோ இருப்பதாக அளவு காட்டும். குப்பைத் தொட்டியில் பிசுக்குப் படியாமல் இருக்காது. எடையை அளப்பதும் ஒரு வழிதான். ஆனால் தொட்டியை நிரப்புவது காலி பாட்டில்களும் அட்டைப் பெட்டிகளும்தான், அவற்றுக்கு எடையே இல்லை. கழிவின் எடைக்கேற்பக் கட்டணம் வாங்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும் அதை எண்ணிப் பாருங்கள்.

சென்சாரை மூடியின் உட்புறத்தில் நடுவில், நேராகக் கீழே பார்க்கும்படி பொருத்த வேண்டும். அதன் ஒலிக்கற்றை சுமார் 15 பாகை அகலம் விரிகிறது என்று கொண்டால், 90 சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகியிருக்கும். சுவரை ஒட்டிப் பொருத்தினால் குப்பைக்கு முன்னால் சுவரிலுள்ள விளிம்பே எதிரொலித்து, தொட்டி எப்போதும் அரைவாசி நிரம்பியதாகவே காட்டும். உட்சுவரில் புடைத்த வரிகள் உள்ள பிளாஸ்டிக் தொட்டிகளில் இது அடிக்கடி நேரும்.

அளவுதிருத்தம் எளிது. காலித் தொட்டியில் ஒரு அளவு எடுங்கள். இனிப் போட முடியாது என்ற நிலையில் இன்னொரு அளவு எடுங்கள். காலியில் 92, முழுதில் 17 என்று வைத்துக்கொண்டால், இடையிலுள்ள 75 சென்டிமீட்டர்தான் உங்கள் அளவுகோல். இப்போது 47 என்று வந்தால், 92 இலிருந்து 47 ஐக் கழித்து 75 ஆல் வகுக்க, 60 விழுக்காடு. இந்தக் கணக்கைக் கருவிக்குள் செய்யாதீர்கள். கருவி சென்டிமீட்டரை மட்டும் அனுப்பட்டும், விழுக்காட்டைச் சர்வர் கணக்கிடட்டும். நாளைக்குத் தொட்டியையே மாற்றிவிட்டால், மூடியைக் கழற்றி நிரலை மாற்றாமல் சர்வரில் இரண்டு எண்களைத் திருத்தினால் போதும்.

பொய் அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் மேல் பயனாளர்களுக்கு உள்ள நம்பிக்கை இதில்தான் போகிறது. துணி, பஞ்சு, நுரை போன்றவை ஒலியை விழுங்கிவிடும். சாய்ந்து கிடக்கும் அட்டை அதை வேறு பக்கம் திருப்பிவிடும். இரண்டிலும் எதிரொலி வருவதில்லை. இத்தகைய சில்லுகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோவில் எல்லோரும் பயன்படுத்தும் பல்ஸ்இன் என்ற கட்டளை, எதிரொலி வராமல் காலக்கெடு முடிந்தால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். பூஜ்யத்தை 58 ஆல் வகுத்தாலும் பூஜ்யம். தூரம் பூஜ்யம் என்றால் குப்பை சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே 'தொட்டி முழுதும் நிரம்பியது' என்று செய்தி பறக்கும். காலித் தொட்டிக்குள் ஒரு பழைய துண்டு கிடந்தாலே இது நடக்கும். பூஜ்யம் என்பது அளவு அன்று, அளவு கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம். அதைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். விழிக்கும் ஒவ்வொரு முறையும் 60 மில்லி நொடி இடைவெளிவிட்டு ஏழு அளவுகள் எடுத்து, பூஜ்யங்களை நீக்கி, மீதியை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு தவறான எண் சராசரியை இழுத்துவிடும், நடுமதிப்பை அசைக்காது.

இன்னொரு வகைப் பொய் மனிதரால் வருவது. குப்பை போடும் கை, விளிம்பில் தொங்கும் ஒரு பை, திறந்தபடி சாய்த்து வைக்கப்பட்ட மூடி ஆகியவை அப்படிப்பட்டவை. மூடி மூடியிருக்கிறதா என்பதை அறிய ஒரு காந்தமும் ஒரு ரீட் சுவிட்சும் போதும். மூடி திறந்திருக்கும்போது அளக்கவே கூடாது. மேலும், அடுத்தடுத்து மூன்று முறை விழித்தபோதும் நிரம்பியதாக வந்தால்தான் சர்வர் அதை நம்ப வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அளக்கும் கருவியில் இதனால் ஒரு மணி நேரம் தாமதமாகும். குப்பைத் தொட்டிக்கு அந்தத் தாமதம் ஒன்றும் செய்யாது.

மூளையாக இஎஸ்பி8266 என்ற சில்லு போதும். வைஃபை உள்ளேயே இருக்கிறது, மலிவு, பத்தாண்டுக்கு மேலாகப் பலர் பயன்படுத்தி அதன் குறைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் யுஎஸ்பி துளையோடு வரும் உருவாக்கப் பலகையை நிரல் எழுதிச் சோதிக்க மட்டும் வைத்துக்கொண்டு, தொட்டியில் இஎஸ்பி-12எஃப் என்ற வெறும் தொகுதியைப் பொருத்துங்கள். காரணம் மின்சாரக் கணக்கில் இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

டீப் ஸ்லீப் என்னும் ஆழ்ந்த உறக்கத்தில் இந்தச் சில்லு ஏறத்தாழ 20 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுக்கும். ஒரு நாளுக்கு 0.5 மில்லி ஆம்பியர்-மணி கூட இல்லை. அரை மணிக்கு ஒருமுறை விழித்து, வைஃபையில் இணைந்து, செய்தி அனுப்பிவிட்டு உறங்க 4 நொடி ஆகிறது, அப்போது சராசரியாக 80 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 48 முறைக்கு 4.3 மில்லி ஆம்பியர்-மணி ஆகும். இரண்டையும் கூட்டினால் நாளுக்கு 5 ஐத் தாண்டாது. 1500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு செல்லில் 1200 ஐப் பயன்படுத்த முடிந்தால், 240 நாள்கள், அதாவது எட்டு மாதம். இப்போது உருவாக்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வழக்கமாக இருக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், சில்லு உறங்கினாலும் உறங்காவிட்டாலும், தனக்கென்று ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 120, எட்டு மாதம் பத்து நாளாகச் சுருங்கிவிட்டது. யுஎஸ்பி சில்லும், எரியும் சிறு விளக்கும் எடுப்பதை இன்னும் நான் சேர்க்கவே இல்லை. அதுபோல, எச்சி-எஸ்ஆர்04 எதையும் அளக்காமல் சும்மா இருக்கும்போதும் 2 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அதை எப்போதும் மின்சாரத்தில் விட்டுவைத்தால் நாளுக்கு 48, அதாவது மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைப் போல் பத்து மடங்கு. மேசைமேல் நன்றாக ஓடிய கருவி தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றே காரணம்.

ஆகவே சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை மின்னணு சுவிட்சாக வேலை செய்யும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் வழியாகக் கொடுத்து, அளக்கும் நொடிகளில் மட்டும் திறந்துவிடுங்கள். திறந்தபின் சென்சார் நிலைபெற ஒரு 100 மில்லி நொடி காத்திருங்கள். அணைக்கும்போது டிரிக்கர் முனையையும் தாழ்நிலைக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது; இல்லாவிட்டால் அந்தக் கம்பி வழியாகவே சென்சாருக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும், மாஸ்ஃபெட் வைத்தும் பயன் கிட்டாது.

பேட்டரிக்கு என் தேர்வு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். அதன் மின்னழுத்தம் 3.2 வோல்ட், இஎஸ்பி8266 ஏற்கும் வரம்பு 2.5 முதல் 3.6 வரை. ரெகுலேட்டரே இல்லாமல் நேராக இணைத்துவிடலாம். சென்சாரிலும் 3 வோல்ட்டிலேயே இயங்கும் எச்சி-எஸ்ஆர்04பி வகையை வாங்கினால், 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றும் வேண்டாம், எக்கோ முனையின் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்க வேண்டிய 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இணையும் வேண்டாம். பாகங்கள் குறைவதால் செலவும் குறையும், பழுதும் குறையும். வழக்கமான லித்தியம் அயன் செல்லைவிட இது எளிதில் தீப்பிடிக்காது என்பதும் குப்பைத் தொட்டிக்கு முக்கியம். வைஃபை செய்தி அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியருக்குத் துள்ளும். அதைத் தாங்க 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சில்லுக்கு அருகிலேயே வையுங்கள். பேட்டரியின் அளவை அறிய, 270 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பகுத்து அனலாக் முனைக்குக் கொடுங்கள். வெறும் தொகுதியில் அந்த முனை 1 வோல்ட் வரைதான் ஏற்கும், 3.6 வோல்ட் இந்தப் பகுப்பில் 0.97 ஆகிவிடும். உறக்கத்திலிருந்து எழ ஜிபிஐஓ16 முனையை ரீசெட் முனையோடு இணைக்க வேண்டும். உறக்க நேரத்தை மைக்ரோ நொடிகளில், 32 பிட் எண்ணாகக் குறித்ததால், பழைய மென்பொருள் நூலகங்களில் ஒரே மூச்சில் உறங்கக்கூடியது ஏறத்தாழ 71 நிமிடமே. அரை மணி இடைவெளிக்கு அது தடையில்லை.

இன்னும் சேமிக்க ஒரு வழி உண்டு. குப்பையின் மட்டம் மாறவில்லை என்றால் அதைச் சொல்வதற்காக வைஃபையை எழுப்ப வேண்டியதில்லை. ரேடியோ அணைந்த நிலையில் விழித்து, அளந்து, உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்திலுள்ள பழைய அளவோடு ஒப்பிட்டு, அடுத்தடுத்து மூன்று முறை வேறுபாடு 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும் செய்தி அனுப்பலாம்; மேலே சர்வருக்குச் சொன்ன மூன்று முறைச் சோதனையை அப்போது கருவியே செய்துவிடும். இந்தச் சில்லில் ரேடியோ இல்லாமல் எழுந்தபின் இடையில் அதை இயக்க முடியாது. ஒரு கணம் மறுபடி உறங்கி ரேடியோவோடு எழ வேண்டும். சற்றுச் சுற்றுவழிதான், ஆனாலும் லாபம் பெரிது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு செய்தி போக வேண்டும். ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்து, வைஃபை சேனலையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டால் இணையும் நேரம் நன்றாகக் குறையும். இப்படிச் செய்தால் அதே செல்லில் ஓராண்டை எட்டலாம். சூரியத் தகட்டை நான் பரிந்துரைப்பதில்லை. நிழலில் நிற்கும் தொட்டிக்கு அது பயன்படாது, வெயிலில் நிற்கும் தொட்டியில் அது உடைபடும் அல்லது களவுபோகும்.

வளாகம் முழுக்க வைஃபை இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள்: உலோகத் தொட்டிக்குள் வைத்த ஆன்டெனாவிலிருந்து அலை வெளியே வராது. உலோகத் தொட்டியாக இருந்தால் மூடியையாவது பிளாஸ்டிக்கில் அமைக்க வேண்டும், அல்லது ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டும். வைஃபை எட்டாத இடங்களில் தொட்டிகள் சிதறிக் கிடந்தால் லோரா என்ற தொலைதூர ரேடியோ முறை பொருத்தமானது. சில பைட் செய்தியைத் திறந்தவெளியில் சில கிலோமீட்டர் வரை குறைந்த மின்சாரத்தில் கொண்டுசெல்லும், அவற்றைப் பெற்று இணையத்துக்கு அனுப்பும் ஒரு கேட்வே நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்குப் போதும். எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும்; ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் தொகுதியை வட அமெரிக்காவில் பயன்படுத்த முடியாது, அங்கே 915. சிம் அட்டை போடும் சிம்800எல் தொகுதி மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அது 2ஜி வலையமைப்பை மட்டும் நம்பியது, பல நாடுகள் அந்த வலையமைப்பை மூடிவிட்டன அல்லது மூடிவருகின்றன. தவிர, செய்தி அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். தொட்டிக்கு ஒரு சிம் என்றால் மாதக் கட்டணமும் வருகிறது. குறைந்த செலவு என்ற நோக்கம் அங்கேயே முறிந்துவிடும்.

செய்தியை எம்க்யூடிடி நெறிமுறையில் அனுப்புங்கள். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கப்பட்டது அது. குறைந்த தரவு வேகம், நம்பகமற்ற இணைப்பு என்ற நிலைமை இங்கும் அதேதான். ஒரு செய்தியில் கருவியின் எண், தூரம், மூடியின் நிலை, பேட்டரி மின்னழுத்தம், வைஃபை வலிமை ஆகிய ஐந்தும் போதும். நேரத்தைச் சர்வர் குறித்துக்கொள்ளும். செய்தியை 'ரீட்டெய்ன்' குறியோடு அனுப்பினால், திரையைப் புதிதாகத் திறப்பவருக்கும் கடைசி அளவு உடனே தெரியும். இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் சர்வரே அறிவிக்கும் 'லாஸ்ட் வில்' என்ற வசதி எம்க்யூடிடியில் உண்டு. பலர் அதை நம்பிப் பழுதைக் கண்டுபிடிக்க முயல்வார்கள். ஒவ்வொரு முறையும் முறையாக விடைபெற்று உறங்கப் போகும் கருவிக்கு அது உதவாது. கடைசிச் செய்தி வந்து பதின்மூன்று மணி நேரமாகிவிட்டதா என்று சர்வர் பார்ப்பதே சரியான சோதனை. ஆறு மணிக்கொருமுறை வர வேண்டிய இரண்டு செய்திகள் தவறிவிட்டன என்பது அதற்குப் பொருள்.

சர்வருக்கு ஒரு ராஸ்பெரி பை கணினி போதும். அதில் செய்திகளைப் பெறும் மஸ்கிட்டோ, அவற்றைக் கையாளும் நோட்-ரெட், சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபி, வரைபடமாகக் காட்டும் கிராஃபானா ஆகிய நான்கையும் இலவசமாக நிறுவலாம். பாதுகாப்பைக் குறித்து ஒரு சொல்: 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, அவற்றில் மாற்றப்படாமல் இருந்த ஆலைக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். தொட்டிகளுக்குத் தனி வைஃபை பெயர், வளாகத்தின் மற்ற கணினிகளை எட்ட முடியாதபடி பிரித்த வலையமைப்பு, கருவிக்கு ஒரு கடவுச்சொல் என்று வைத்துவிடுங்கள். இஎஸ்பி8266இல் டிஎல்எஸ் குறியாக்கம் ஓடும், ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் கூடுதல் நேரமும் மின்சாரமும் செலவாகும். பிரித்த உள்வலையமைப்பிலேயே செய்தி நின்றுவிடுமானால் அதைத் தவிர்க்கலாம், வெளி இணையத்தைக் கடக்குமானால் தவிர்க்கக் கூடாது.

இனிதான் எண்ணைப் பயனாக்கும் இடம். 80 விழுக்காட்டைத் தாண்டியதும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவது எல்லோரும் செய்வது. அது வருவதற்குள் குப்பை எடுப்பவர் அந்தப் பக்கம் வந்து போயிருப்பார். அவர் திரும்ப ஒரு நடை வர வேண்டும். இப்போது எவ்வளவு என்பதைவிட எப்போது நிரம்பும் என்பதே அவருக்குத் தேவை. நண்பகலில் 60 விழுக்காடு, கடந்த சில மணி நேரமாக மணிக்கு 8 விழுக்காடு ஏறுகிறது என்றால், 90ஐத் தொட இன்னும் 3.75 மணி நேரம், பிற்பகல் 3.45க்கு நிரம்பும். பிற்பகல் 2 மணிச் சுற்றில் அதைச் சேர்க்க வேண்டும். சுற்று புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், அடுத்த சுற்று வருவதற்குள் நிரம்பக்கூடிய தொட்டிகளின் பெயர்களை மட்டும், நடக்கும் வரிசையில், ஒரே செய்தியாக அனுப்புங்கள். நாள் முழுக்கத் தனித்தனியாக வரும் எச்சரிக்கைகளை எவரும் சில நாளுக்கு மேல் படிப்பதில்லை. மட்டம் திடீரென்று 70இலிருந்து 5க்கு இறங்கினால் தொட்டி காலியானது என்று சர்வரே குறித்துக்கொள்ளும். பணியாளர் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தப் பதிவைக் கொண்டு அவரை வேவு பார்க்கும் எண்ணம் நிர்வாகத்துக்கு வந்தால், மூடியில் காகிதம் ஒட்டப்படும், கம்பி அறுபடும். அப்படி நடந்தால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே அவர்களோடு பேசி, இது எதற்கு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

அவர்களிடம் பேச வேறு காரணமும் இருக்கிறது. தொட்டியைக் கவிழ்க்கும்போது எங்கே பிடிப்பார்கள், வண்டியின் விளிம்பில் எந்தப் பக்கம் இடிக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரால் கழுவுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெட்டி தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 தரத்தில் இருக்க வேண்டும்; கம்பி நுழையும் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். அழுகும் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரிக்கும், ஆகவே சுற்றுப்பலகைக்கு ஒரு காப்புப் பூச்சு அடியுங்கள். அது இல்லாவிட்டால் ஓராண்டு பேட்டரியும் வீண்.

விட்டுவிட வேண்டியவை சில. கையை நீட்டினால் தானே திறக்கும் மூடி செய்முறைப் படங்களில் அழகாக இருக்கும். அந்தச் சிறு சர்வோவின் பிளாஸ்டிக் பற்சக்கரம் பொது இடத்தில் யாராவது மூடியைக் கையால் அமுக்கிய அன்றே உடையும். மிதித்தால் திறக்கும் கம்பிக்கு மின்சாரமே வேண்டாம். நாற்றத்தை அளக்க எம்க்யூ வரிசை வாயு சென்சாரை வைப்பார்கள். அதன் உள்ளே ஒரு சூடேற்றி எப்போதும் எரிய வேண்டும், அது 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும், பேட்டரியை ஒரே நாளில் தீர்த்துவிடும். கேமராவைக் கொண்டு கழிவைத் தானாகப் பிரிக்கும் தொட்டி ஆராய்ச்சிக்கு நல்ல பொருள். குறைந்த செலவுக்கு மூன்று வண்ணத்தில் மூன்று தொட்டிகளே சரி. பாரிஸில் நிர்வாகியாக இருந்த யூஜின் புபெல் 1880களிலேயே வீட்டுக் குப்பையை மூன்று கலன்களாகப் பிரிக்க ஆணையிட்டார். அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு வெப்பநிலை சென்சாரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சிகரெட் துண்டாலும் பழைய கைப்பேசிப் பேட்டரியாலும் தொட்டிகள் தீப்பிடிப்பது உண்டு. டிஎஸ்18பி20 மலிவானது, மின்சாரமும் அதிகம் எடுக்காது. அரை மணிக்கொருமுறை அளப்பதால் அது தீயணைப்பு எச்சரிக்கைக் கருவிக்கு மாற்றாகாது என்பதை மட்டும் நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தொடங்கும்போது மூன்று தொட்டிகளில் பொருத்துங்கள்: ஒன்று வைஃபைக்கு மிக அருகில், ஒன்று மிகத் தொலைவில், ஒன்று தினமும் அதிகம் அடிபடும் இடத்தில். கருவியின் எண்ணை மூடியிலும், இடத்தின் எண்ணைத் தொட்டி நிற்கும் சுவரிலும் எழுதி வையுங்கள். கழுவும் நாளில் மூடிகள் இடம் மாறிவிடும், சர்வரில் எந்த மூடி எந்த இடத்தில் என்ற இணைப்பை மாற்றினால்தான் எண்கள் பொருள்படும். பேட்டரி மாற்றும் நாளில் சென்சாரின் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்து, காலித் தொட்டியில் ஒரு அளவு எடுத்து, முதல் நாள் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். வெப்பநிலை விளக்கக்கூடிய 3 சென்டிமீட்டரைத் தாண்டி வேறுபட்டால், முதலில் சென்சார் சாய்ந்திருக்கிறதா என்றும் தொட்டி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சென்சாரை மாற்றிவிடுங்கள், அதைச் சரிசெய்ய முயல்வதில் நேரம் வீணாகும்.